புலி திருப்பி அனுப்பிய பதக்கம்

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, ஞாயிறு ஏட்டுக்காக எழுத்து வடிவில்)



1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நியூயார்க் நகரிலிருந்து ஒரு சிறு பொட்டலம் அஞ்சலில் புறப்பட்டது. பெறவேண்டியவர், வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர். பொட்டலத்துக்குள் இருந்ததோ ஒரு பதக்கம். பிரிட்டிஷ் பேரரசின் பெயரால், அரசியாரின் அருளால், குடிமக்களுள் சிறந்தவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்கு அந்நாளில் வழங்கப்பட்ட எம்.பி.இ. விருது அது. அதனை அனுப்பியவர் அமைச்சரல்லர், அறிஞரல்லர், பேராசிரியரல்லர். கூலி வேலை செய்தும், சந்தையிலே காலிப் புட்டி விற்றும், பிறகு கடல் கடந்து அந்நிய நாட்டு மேடைகளிலே குத்து வாங்கியும் குத்துவிட்டும் பிழைத்த ஒரு மனிதர். பெயர் ரிச்சர்டு இஹேட்டு. உலகம் அவரை அறிந்திருந்தது டிக் டைகர் என்ற பெயரால்.

அந்த மனிதருடைய கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

“அரசியல் பேச அழைத்தோம், இவர் குத்துச்சண்டை பேசுகிறாரே!” என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். வடசென்னைத் தோழர்கள் அவ்விதம் எண்ணமாட்டார்கள். துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த மக்கள், மாலையிலே கையுறை மாட்டிக்கொண்டு பயின்ற கலை அது என்பதை அவர்கள் அறிவார்கள். குத்துச்சண்டை மேடையிலே யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தால், அந்த நாட்டின் அடித்தட்டிலே அப்போது யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவிலே முதலில் அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் ஏறினார்கள். பிறகு யூதர்களின் பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களுக்குப் பின் இத்தாலியரின் பிள்ளைகள், கறுப்பின மக்கள், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். ஒரு கூட்டம் கல்வியும் கடையும் கண்டு மேலேறியதும் மேடையை விட்டு இறங்கும். அதற்கடுத்து வந்து சேர்ந்த ஏழைக் கூட்டம் அந்த மேடையில் ஏறும். செல்வர் வீட்டுப் பிள்ளை மூக்குடைபட்டுச் சோறு தேடவேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

ஆகவே, தோழர்களே, இது விளையாட்டுக் கதை மட்டுமன்று. பிழைக்கப் போன ஒருவன், போன இடத்திலே புகழும் பொருளும் பெற்ற ஒருவன், தன் மக்கள் வதைபட்ட வேளையிலே என்ன செய்தான் என்ற கதை.

1929-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், நைஜீரியாவின் கிழக்குப் பகுதியிலே, அமைக்போ என்ற ஊரில், உழவர் குடும்பமொன்றில் ரிச்சர்டு பிறந்தார். இக்போ இனத்தவர். நைஜீரியா அப்போது பிரிட்டிஷாரின் ஆட்சியிலே இருந்தது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். அவர் பிறந்து நான்கு திங்கள் நிறைவதற்குள், நவம்பரிலும் டிசம்பரிலும், அதே கிழக்குப் பகுதியிலே பெண்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆண்கள் மீது போட்ட தலைவரி போதாதென்று பெண்கள் மீதும் போடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியது. வெள்ளையர் நியமித்த தலைவர்களின் வீட்டு வாயில்களிலே பல்லாயிரம் பெண்கள் கூடி, ஆடியும் பாடியும் எதிர்ப்புக் காட்டினார்கள். வழக்கு மன்றங்களைத் தாக்கினார்கள். வெள்ளை ஆட்சி துப்பாக்கியால் விடை சொன்னது. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். வரலாற்றிலே அதற்குப் பெண்கள் போர் என்று பெயர். ஆபா நகரத்தின் பெயரோடும் அது சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்த ஆண்டில் அந்த மண்ணிலே பிறந்த குழந்தை, நாற்பது ஆண்டுக்குப் பின் அதே பேரரசின் பதக்கத்தை அஞ்சலில் திருப்பி அனுப்பியது.

வளர்ந்த பின்னர் அந்த ஆபா நகரத்துக்கே அவர் பிழைப்புத் தேடிச் சென்றார். அது வாணிக நகரம். சந்தையிலே காலிப் புட்டிகளைச் சேர்த்து விற்பது அவர் தொழில். பிரிட்டிஷ் படை அதிகாரிகள் நடத்திய கழகங்களிலே குத்துச்சண்டை பயின்றார். 1952-இல் தொழில்முறை வீரரானார். அவர் சண்டையிடும் வேகத்தைக் கண்ட வெள்ளையர் ஒருவர் புலி என்று வியந்ததாகவும், அதுவே பெயராக நிலைத்ததாகவும் சொல்வார்கள். ஆப்பிரிக்கக் காடுகளிலே சிங்கம் உண்டு, சிறுத்தை உண்டு, புலி கிடையாது. தம் மண்ணில் இல்லாத விலங்கின் பெயரைச் சுமந்துகொண்டு அவர் உலகைச் சுற்றினார். தந்தை தாய் இட்ட இஹேட்டு என்ற பெயர் விளம்பரச் சுவரொட்டியிலே இடம் பெறவில்லை.

1955-ஆம் ஆண்டு அவர் கப்பலேறி லிவர்ப்பூல் நகரம் சேர்ந்தார்.

லிவர்ப்பூல்! அந்தப் பெயரை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலே அடிமை வாணிகத்தால் கொழுத்த துறைமுகம் அது. பயாஃப்ரா வளைகுடா என்று வரைபடத்திலே குறிக்கப்பட்ட அந்தக் கடற்கரையிலிருந்து, இலட்சக்கணக்கான மக்களைச் சங்கிலியால் பிணைத்து ஏற்றிச் சென்றதிலே லிவர்ப்பூல் வணிகரின் பங்கு பெரிது. ஏற்றப்பட்டவர்களிலே இக்போ மக்கள் ஏராளம். 1807-இல் பிரிட்டன் அந்த வாணிகத்தைச் சட்டத்தால் தடுத்தது. அதன்பின் ஆளுக்குப் பதில் பனையெண்ணெய் ஏற்றினார்கள். ஆளை ஏற்றிப் பிழைத்த நகரம், எண்ணெயை ஏற்றிப் பிழைத்த நகரம், இப்போது டிக்கெட்டு வாங்கிக்கொண்டு தானே வந்திறங்கிய இக்போ இளைஞனை எப்படி வரவேற்றது?

சட்டப்படி தடை இல்லை. பேரரசின் குடிமகன் என்ற முறையிலே அன்று அவர் பிரிட்டனுக்குள் நுழையலாம். 1962-இல்தான் அந்தக் கதவை மூடும் குடியேற்றச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் திறந்த கதவின் பின்னே குளிர் இருந்தது, தனிமை இருந்தது, பகலெல்லாம் கூலி வேலை இருந்தது. 26 வயது. பழக்கமில்லாத உணவு. உள்ளூர்க்காரர்களை உற்சாகப்படுத்தும் கூட்டம். பிரிட்டனில் அவர் ஏறிய முதல் நான்கு சண்டைகளிலும் தோற்றார். ஒன்றன்று, இரண்டன்று, நான்கு! ஊருக்குத் திரும்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? திரும்பவில்லை. ஊரிலே காத்திருப்போர் பலர் இருக்கும்போது, பிழைக்கப் போனவனுக்குத் திரும்பும் வழி எளிதாகத் திறப்பதில்லை. கடல் கடந்து உழைக்கும் பிள்ளையை உடைய குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நகரிலே அவருக்கு முன்னே சென்று தழைத்த இன்னொரு நைஜீரியர் இருந்தார். கலபார் நகரத்தவரான ஹோகன் பாஸி. 1957-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலக ஃபெதர்வெயிட் பட்டம் வென்றவர். இருவருக்கும் தொடக்கத்திலே மேலாளராக இருந்தவர் பீட்டர் பனாஸ்கோ. லிவர்ப்பூலிலேயே பிறந்தவர், திறமான வீரர், ஆனால் ஆப்பிரிக்கத் தந்தைக்குப் பிறந்தவர். அதனால் நேர்ந்தது என்ன தெரியுமா? பிரிட்டிஷ் பட்டத்துக்குப் போட்டியிட வேண்டுமானால் தாயும் தந்தையும் வெள்ளையராக இருக்கவேண்டும் என்றது குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. திறமை இருந்தால் போதாது, பயிற்சி இருந்தால் போதாது, அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் போதாது. பிறப்பு பார்க்கவேண்டும்! தோழர்களே, பிறப்பைக் கேட்டுத் தகுதியை அளக்கும் விதி நமக்குப் புதிதா? கோயில் கருவறை வாயிலிலே கேட்ட கேள்வியைத்தானே அவர்கள் குத்துச்சண்டை மேடையிலே கேட்டார்கள்? 1948-இல்தான் அந்த விதி வீழ்ந்தது. பனாஸ்கோவின் ஆட்டக்காலம் அதற்குள் கழிந்து போயிற்று.

டைகர் தோல்வியிலே பாடம் கற்றார். பின்னாளில் உலகப் பட்டம் பெறப்போகும் டெர்ரி டௌன்ஸ் என்பவரை 1957-இல் வீழ்த்தினார். 1958 மார்ச்சிலே லிவர்ப்பூலில், பாட் மக்காட்டீரை ஒன்பதாம் சுற்றிலே சாய்த்து, மிடில்வெயிட் பிரிவில் பிரிட்டிஷ் பேரரசுப் பட்டத்தைக் கைப்பற்றினார். பேரரசு ஆங்காங்கே கரைந்துகொண்டிருந்த காலம். அந்தப் பேரரசின் பட்டத்தை, அது அடக்கி ஆண்ட நாட்டின் மகன் இடையிலே கட்டிக்கொண்டார்.

1959-இல் அமெரிக்கா சென்றார். இரண்டாவது முறை குடிபெயர்வு. நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் அந்நாளில் குத்துச்சண்டையின் தலைநகரம். அங்கே வெற்றி மட்டும் போதாது. ஆள் பிடிக்கவேண்டும், ஒப்பந்தம் செய்பவர் தயவு வேண்டும், வீரனின் வருவாயிலே மேலாளருக்கொரு பங்கு, ஏற்பாட்டாளருக்கொரு பங்கு, பயிற்சியாளருக்கொரு பங்கு. குத்து முழுவதும் வீரனுக்கு, வரவு மட்டும் பலருக்கு! டைகர் ஆரவாரம் அறியாதவர். குடியில்லை, கூத்தில்லை. 5 அடி 8 அங்குல உயரம். முன்னேறிச் சென்று, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, இடது கைக் கொக்கிக் குத்தால் எதிரியைத் தளரச் செய்யும் ஆட்டம். ஈட்டியதைச் சேர்த்து ஊருக்கு அனுப்பினார். ஆபாவிலும் பிற நகரங்களிலும் கட்டடங்கள் வாங்கினார். வாடகை வரும், வயது முதிர்ந்தபின் வாழலாம், பிள்ளைகள் படிக்கலாம் என்பது கணக்கு.

1962 அக்டோபர் 23. சான் பிரான்சிஸ்கோ நகரின் கேண்டில்ஸ்டிக் பார்க் திடல். ஜீன் ஃபுல்மர் என்ற வலிமைமிக்க வீரரோடு பதினைந்து சுற்றுகள் மோதி, உலக மிடில்வெயிட் பட்டத்தை டிக் டைகர் வென்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்த மறு போட்டி வெற்றி தோல்வி இன்றி முடிந்தது. மூன்றாவது போட்டி எங்கே நடந்தது? நைஜீரியாவிலே! 1963 ஆகஸ்டு 10-ஆம் நாள், இபாதான் நகரத்து விடுதலை அரங்கிலே. சகாராவுக்குத் தெற்கே, கறுப்பின மக்களின் ஆப்பிரிக்காவிலே நடந்த முதல் உலகப் பட்டப் போட்டி அது. ஏழு சுற்றுகள் முடிந்தன. எட்டாவது சுற்றுக்கு மணி அடித்தபோது ஃபுல்மர் இருக்கையை விட்டு எழவில்லை.

அந்த நாளை மனத்திரையிலே காணுங்கள், தோழர்களே. 1960 அக்டோபர் முதல் நாள் விடுதலை பெற்ற நாடு. மூன்று வயதும் நிறையாத குழந்தை. இபாதான், யொரூபா மக்களின் நகரம். மேடையிலே நிற்பவர் இக்போ. வடபுலத்து ஹௌசா மக்களும் தெற்கு மக்களும், “நம் டைகர்” என்று முழங்கினார்கள். ஒரு மனிதனின் இரு கைகள் ஒரு நாட்டையே ஒன்றாகக் கட்டி நிறுத்தியது போன்ற தோற்றம். அந்த உலகப் புகழின் பேரிலேதான் பிரிட்டிஷ் அரசும் எம்.பி.இ. பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று. அவரும் பெருமையோடு பெற்றுக்கொண்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. மதிப்போடு அணிந்த பதக்கத்தைக் கழற்றுவதற்குத்தான் மன உறுதி வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜோயி ஜியார்டெல்லோவிடம் பட்டத்தை இழந்தார். மறு போட்டிக்காக ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருந்து, 1965 அக்டோபரில் அதே மனிதரிடமிருந்து மீட்டார். 1966 ஏப்ரலில், வர்ஜின் தீவுகளிலிருந்து வந்த எமில் கிரிஃபித்திடம் மீண்டும் இழந்தார். வயதாகிவிட்டது, இனி முடிந்தது என்றனர் எழுதுவோர். அவரோ எடை கூடிய அடுத்த பிரிவுக்குத் தாவி, 1966 டிசம்பர் 16-இல், போர்ட்டோ ரிக்கோவின் ஹோசே டோர்ரெஸை வென்று லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பெற்றார். 1967 மே 16-இல் நடந்த மறு போட்டியிலும் வென்றார். தீர்ப்புப் பிடிக்காத கூட்டம் புட்டிகளையும் நாற்காலிகளையும் வீசிற்று. புட்டி விற்று வாழ்வைத் தொடங்கியவருக்குப் புட்டி மழையிலே பட்டாபிடேகம்!

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடித்தது எத்தனை நாள்? பதினான்கே நாள்.

இடையிலே நைஜீரியாவில் நடந்ததைச் சொல்லவேண்டும். 1966 சனவரியிலே படையதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றனர். அவர்களிற் பெரும்பாலோர் இக்போ இனத்தவர். கொல்லப்பட்ட தலைவர்களிலே பலர் வடபுலத்தவர். சூலையிலே எதிர்ப்புரட்சி. மே திங்களிலும், பிறகு செப்டம்பர், அக்டோபரிலும், வட நகரங்களிலே குடியேறிப் பிழைத்து வந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். எழுத்தர், அஞ்சலகப் பணியாளர், இரயில்வே ஊழியர், சிறு வணிகர்... பிழைக்கப் போன குற்றத்துக்குத் தண்டனை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்குக்கு ஓடிவந்தனர். உறுதிமொழிகள் பேசப்பட்டன, முறிந்தன. 1967 மே 30-இல் கிழக்கு மண்டலம் பயாஃப்ரா என்ற பெயரில் தனி நாடென அறிவித்தது. சூலையிலே போர் மூண்டது.

பேரரசு எந்தப் பக்கம் நின்றது? ஹரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசு நைஜீரிய மத்திய அரசுக்கு ஆயுதம் வழங்கியது. சோவியத் நாடும் விமானங்கள் தந்தது. உலகிலே எதிரெதிராக நின்ற இரு முகாம்கள் இந்த ஒன்றிலே ஒத்துப்போயின! பிரிட்டனுக்குக் காரணங்கள் பல இருந்தன. அவற்றுள் கனமான காரணம் மண்ணுக்கடியிலே இருந்தது. 1956-இல் கண்டெடுக்கப்பட்ட எண்ணெய், பெருமளவு கிழக்குப் பகுதியிலே இருந்தது. அதை எடுத்தது ஷெல்-பிபி நிறுவனம். முன்னே ஆள், பின்னே பனையெண்ணெய், இப்போது கல்லெண்ணெய். சரக்கு மாறியது, கப்பல் வந்த திசை மாறவில்லை.

உலகப் பட்டத்தோடு நியூயார்க்கிலே இருந்த டைகர் என்ன செய்திருக்கலாம்? “நான் விளையாட்டு வீரன், அரசியல் எனக்கெதற்கு?” என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பாராட்டுவதற்கு எல்லா நாட்டிலும் ஆளுண்டு. லாகோசிலே சொத்து காப்பாற்றப்பட்டிருக்கும், லண்டனிலே மதிப்பு நீடித்திருக்கும். அவர் தம்மைப் பயாஃப்ராவின் மைந்தன் என்று அறிவித்தார். அந்நாட்டுப் படையிலே லெப்டினன்ட் ஆனார். போர்வீரர்களுக்கு உடற்பயிற்சி அளித்தார். சேர்த்த பணத்தைத் தந்தார். முற்றுகைக்குள்ளிருந்து வெளிவந்து, 1967 நவம்பரில் ரோஜர் ரௌஸைப் பன்னிரண்டாம் சுற்றிலே வீழ்த்திப் பட்டத்தைக் காத்தார்.

1968 மே திங்கள். பயாஃப்ராவின் கடல்வாயிலான போர்ட் ஹார்கோர்ட் வீழ்ந்தது. அதே திங்கள் 24-ஆம் நாள், மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பாப் ஃபாஸ்டர் எதிரே நின்றார். எதிரியின் உயரம் 6 அடி 3 அங்குலம். டைகருக்கு 38 வயது. நெஞ்சிலே எரியும் ஊர். நான்காம் சுற்றிலே ஃபாஸ்டரின் இடக்கைக் குத்து அவரைத் தரையிலே சாய்த்தது. பத்து எண்ணி முடிக்கும் வரை எழ முடியாமல் அவர் கிடந்தது வாழ்நாளிலே அந்த ஒரு முறைதான். அவ்வாண்டு செப்டம்பரிலே ஆபாவும் வீழ்ந்தது.

வீழ்ந்தவர் எழுந்தார். ஊரிலே உணவில்லை, உழைக்காமல் எப்படி? அக்டோபரிலே ஃபிராங்க் டிபோலாவோடு அவர் ஆடிய ஆட்டத்தை அவ்வாண்டின் சிறந்த சண்டை என்றது ‘ரிங்’ இதழ். 1969 மே திங்களில், அப்போதைய மிடில்வெயிட் உலக வீரரான இத்தாலியின் நினோ பென்வெனுட்டியைப் பட்டமில்லாப் போட்டியிலே வென்றார். நாற்பதை எட்டும் உடல் அது.

ஆனால் ஊரிலே என்ன நடந்தது? தரையிலும் கடலிலும் முற்றுகை. பசி ஒரு படைக்கலமாயிற்று. வயிறு வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி, எலும்பின்மேல் தோல் போர்த்த குழந்தைகளின் படங்கள் 1968-இல் உலக ஏடுகளிலே வந்தன. திருச்சபைகள் இரவிலே விளக்கணைத்த விமானங்களில் உணவு கொண்டுசென்றன. மாண்டவர் தொகை பத்து இலட்சம் என்பாரும் முப்பது இலட்சம் என்பாரும் உளர். பெரும்பாலோர் குண்டால் அல்ல, பசியால் மாண்டவர். அந்த நிலையிலேதான், பிரிட்டிஷ் ஆயுதம் தம் மக்கள்மேல் பாய்ந்துகொண்டிருந்த வேளையிலேதான், டைகர் தம் பதக்கத்தைப் பொட்டலமாகக் கட்டினார். அதற்குச் சில கிழமைகள் முன்பே, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் தம் எம்.பி.இ. பதக்கத்தை, நைஜீரியா-பயாஃப்ரா போரில் பிரிட்டனின் பங்கையும் ஒரு காரணமாகக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தார். அது உலகெங்கும் தலைப்புச் செய்தி. குத்துச்சண்டை வீரரின் பொட்டலமோ அத்தனை பேசப்படவில்லை.

பட்டம் துறப்பது நம் நாட்டுக்கும் தெரியாத செயலன்று. முதல் உலகப் போர்க்காலத்தில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரான எஸ். சுப்பிரமணிய ஐயர், ‘சர்’ பட்டத்தை வேண்டாமென்று விடுத்தார். அவருடைய அரசியலோடு நமக்கு ஒட்டுதல் இல்லை. ஆயினும் அந்தச் செயலுக்கு மதிப்பளிக்கத் தயங்கோம். 1919-இல், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் தாகூர் தம் பட்டத்தைத் துறந்தார். அவர்கள் கற்றோர், அவர்கள் எழுதிய மடலை உலகம் படித்தது. டிக் டைகர் பேச்சிலும் எழுத்திலும் வல்லவரல்லர். ஆனால் மூவர் செயலிலும் இருந்த உணர்ச்சி ஒன்றே. என் மார்பிலே உன் பதக்கம், என் பிள்ளையின் மார்பிலே உன் குண்டு. இரண்டையும் சேர்த்து ஏற்க மாட்டேன் என்ற தன்மான உணர்ச்சி.

இங்கே ஒரு கேள்வி எழும். எழவேண்டும். பயாஃப்ரா குற்றமற்றதா? அங்கே இக்போ மக்கள் மட்டுமா வாழ்ந்தார்கள்? எஃபிக், இபிபியோ, இஜா முதலிய சிறு இனத்தவரும் வாழ்ந்தனர். பெரும் நைஜீரியாவுக்குள் இக்போ மக்களுக்கு இருந்த அச்சம், பயாஃப்ராவுக்குள் அவர்களிற் பலருக்கு இருந்தது. தங்களைக் கேட்காமல் தங்கள் எதிர்காலம் முடிவு செய்யப்பட்டது என்ற குறை அவர்களிடம் இருந்தது. லிவர்ப்பூலிலே டைகருக்கு முன்னோடியாக இருந்த ஹோகன் பாஸியே எஃபிக் இனத்தவர்தான். எண்ணெய்க் கிணறுகளிற் பல அந்தச் சிறு இனத்தவரின் நிலத்திலேதான் இருந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். உரிமை கேட்டு எழும் மக்கள், தம்மிடம் உரிமை கேட்கும் சிறுபான்மையோரின் குரலுக்குச் செவி கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் நீதியின் வலிமை பாதியாகக் குறையும். ஆனால் அந்தக் குறையைக் காட்டிக் குழந்தைகளைப் பட்டினி போட்டதை நியாயப்படுத்த முடியுமா? முடியாது. இரண்டையும் ஒருங்கே சொல்லும் துணிவு அரசியல் தொண்டனுக்கு வேண்டும்.

1970 சனவரி 15-இல் பயாஃப்ரா சரணடைந்தது. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று அறிவித்தார் நைஜீரியத் தலைவர் கோவன். ஆனால் வங்கியிலே எவ்வளவு சேர்த்து வைத்திருந்தாலும், பயாஃப்ராவின் பணத்தைக் கையாண்ட கணக்குக்காரருக்குக் கொடுத்தது 20 பவுன். போர்ட் ஹார்கோர்ட்டிலே இக்போ மக்களின் வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்ற பெயரால் பிறர் கைக்குப் போயின. வாழ்நாளெல்லாம் வாங்கிய குத்துக்களை வீடாகவும் நிலமாகவும் மாற்றி வைத்த டைகருக்குப் போர் பேரிழப்பைத் தந்தது. 1970 சூலை 15-இல், எமில் கிரிஃபித்தோடு கடைசிச் சண்டை, தோல்வி. 82 சண்டைகள், 60 வெற்றிகள், 19 தோல்விகள், மூன்று சமநிலை. இரு பிரிவுகளிலே உலகப் பட்டம் பெற்றவர், நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்காட்சியகத்திலே காவலாளி வேலைக்குச் சேர்ந்தார்! எகிப்தின் கல்லறைச் செல்வங்களும் ஐரோப்பாவின் ஓவியங்களும் நிறைந்த கூடங்களிலே, சீருடை அணிந்து நின்றார்.

அந்த வேலையை இழிவென்று நான் சொல்லவில்லை. அவரும் எண்ணியிருக்கமாட்டார். உழைத்துண்பதிலே இழிவு ஏது? ஆனால் கணக்கைப் பாருங்கள். பதக்கத்தைத் திருப்பி அனுப்புவதற்கு அஞ்சல் செலவு சில காசுதான். அந்த முடிவோடு சேர்ந்து போனவை வீடு, சேமிப்பு, அரசுகளின் ஆதரவு, முதுமைக்கு வைத்திருந்த அமைதி.

ஒருநாள் முதுகிலே வலி. மருத்துவர்கள் ஈரலில் புற்றுநோய் என்றனர். பயாஃப்ராவின் பக்கம் நின்றதால் நாடு திரும்பத் தடை இருந்தது. நோய்ச் செய்தி எட்டியதும் அரசு தடையை நீக்கியது. 1971-இல் ஊர் திரும்பினார். அதே ஆண்டு டிசம்பர் 14-இல், புட்டி விற்ற அதே ஆபா நகரிலே கண் மூடினார். வயது 42. பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழ்மன்றம் 1991-இல் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

தோழர்களே, வென்றவரின் வரலாற்றைத்தான் மேடையிலே சொல்வது வழக்கம். இவரோ தோற்ற பக்கம் நின்றவர். ஏன் சொன்னேன்?

நம்மிலே ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வடிவிலே பதக்கம் வரும். பொன்னாடையாக வரலாம், பதவியாக வரலாம், ‘மற்றவரைப் போலல்ல நீங்கள்’ என்ற இனிய புகழ்ச்சியாக வரலாம். தன் மக்களுள் ஒருவனை மட்டும் தனியே தூக்கி உயர்த்தி வைக்கும் கை, கீழே நிற்கும் மக்களை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். வாங்குவது தவறன்று, டைகரும் வாங்கினார். வாங்கியதற்காக வாய்மூடுவதுதான் தவறு. வட்டத்திலும் கிளையிலும் பொறுப்பிலுள்ள தோழர்களே, நாளை உங்கள் தெருவிலே ஒரு குடிசை இடிக்கப்படும்போது, ஒரு தொழிலாளி வெளியேற்றப்படும்போது, இடிப்பவரும் வெளியேற்றுபவரும் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியவராக இருக்கலாம். அப்போது உங்கள் அலமாரியிலே இருக்கும் அந்தப் பொன்னாடையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அஞ்சலகம் எல்லா ஊரிலும் இருக்கிறது.